பிலாத்து போகிற ஓட்டை

எங்கள் பூனைக்குப் பிலாத்து என்று பெயர் வைத்தது நான்தான். அது வந்து சேர்ந்தது ஒரு பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம். மழையில் நனைந்து எங்கள் வாசற்படியில் கிடந்த குட்டியைத் தங்கை செல்லபாய் தூக்கி வந்து, அப்பா உட்காரும் நாற்காலியில் விட்டாள். கொடுத்த பாலைக் குடித்து முடித்ததும் அது முன்னங்கால் இரண்டையும் நக்கி நக்கிக் கழுவ ஆரம்பித்தது. நடந்த எதற்கும் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல் ஒரு முகம் வேறு. சபையில் அந்த வாரம் முழுக்க, குற்றமில்லாதவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு அந்தப் பழி தனக்கில்லை என்று தேசாதிபதி பிலாத்து கை கழுவின பிரசங்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "வேற பேரு கிடைக்கலியா ரத்னாபாய்?" என்று போதகரம்மா முகத்தைச் சுளித்தார். பூனைக்கு என்ன ஞானஸ்நானமா கொடுக்கப் போகிறோம் என்று நான் கேட்டேன்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். இருபத்தேழு வருஷமாக நாலாம் கிளாஸ் டீச்சர். நாற்பது பிள்ளைகளை அடக்கிய வாயை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வர முடியாது. செல்லபாய் எனக்கு நேர்மாறு. என்னைவிட ஆறு வயது இளையவள், செக்ரட்டேரியட்டில் டைப்பிஸ்ட். நாள் முழுக்க யாரோ சொன்னதை அடித்து அடித்து, தானாக ஒன்று சொல்ல வேண்டும் என்கிற வழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு கரமனையில் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மூன்றாவதாகப் பூனை. இரண்டு பேருக்கும் கல்யாணம் என்ற பேச்சு எப்போதோ நின்றுபோயிருந்தது. அது நின்றுபோனதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

அப்படி இருக்க, எழுபத்தேழாம் வருஷம், செல்லபாய்க்கு நாற்பத்து மூன்று முடிந்த பிறகு, சத்தியதாஸ் வந்து கேட்டார். டிரான்ஸ்போர்ட்டில் செக்கிங் இன்ஸ்பெக்டர். மனைவி இறந்து ஏழு வருஷம். பிள்ளைகள் இல்லை. தம்பானூரில் ஒரு லாட்ஜில் ஒற்றை அறையில் இருந்தார். உயரமான மனிதர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசாத இரண்டு பேர் எப்படிப் பேசி முடிவுக்கு வந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கல்யாணம் முடிந்து எங்கே குடியிருப்பது என்ற கேள்வி வந்தது. செல்லபாய்க்கு இந்த வீட்டில் பாதி உண்டு. ஆனால் அவர் இங்கே வந்தால் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று நாலு பேர் சொல்வார்கள். ஆகவே ஹாலின் நடுவே ஒரு சுவர் கட்டி வீட்டை இரண்டாக்கிவிடுவது, கிழக்குப் பாதி அவர்களுக்கு, மேற்குப் பாதி எனக்கு என்று தீர்மானமாயிற்று. யார் தீர்மானித்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் பேரில் உங்களுக்கு மரியாதை போய்விடும்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை சொல்லக் காரணம் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்க வேண்டும் என்று போதகர் கேட்பார். முதல் ஓலை வாசித்ததிலிருந்து கல்யாணம் வரைக்கும் மாப்பிள்ளை பெண் வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் ஓலை வாசித்த மறுநாள் காலையில் கொத்தனார் ராஜையன் பாறசாலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடவே சாந்து குழைக்க அவர் மனைவி ரோஸ். மூன்றாம் ஓலைக்குள் சுவர் முடிந்திருக்க வேண்டும் என்பது பேச்சு.

வீட்டில் வேலை நடக்கும்போது ஒரு வீடு எவ்வளவு அசிங்கமாகும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பெர்மிட் போட்டு வாங்கின மூன்று மூட்டை சிமென்ட் என் கட்டிலுக்கடியில். ஹாலில் செங்கல் அடுக்கு, மணல் குவியல். அலமாரி, தையல் மெஷின், அப்பாவின் ஹார்மோனியம் எல்லாவற்றுக்கும் படுக்கை விரிப்பைப் போர்த்தி ஓரமாக நிறுத்தியிருந்தோம். புட்டில் மணல், சாயாவில் மணல். பள்ளிக்கூடத்தில் நோட்டுப் புத்தகத்தைத் திருத்தும்போது என் தலையிலிருந்து மணல் கொட்டியது. நான் காலையில் எரிந்து விழுந்து, சாயங்காலமும் எரிந்து விழுந்தேன். செல்லபாய் துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாள்.

ஆனந்தமாக இருந்தது பிலாத்து ஒன்றுதான். தனக்காகவே இந்த வேலையெல்லாம் நடக்கிறது என்று நினைத்துவிட்டது. ராஜையன் எடுக்கிற ஒவ்வொரு செங்கல்லையும் முதலில் அது மோந்து பார்க்க வேண்டும். பார்த்து முடிக்காமல் கல்லை வைத்தால், வைத்த கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைப் பூனை இரண்டே நாளில் செங்கல் நிறத்துக்கு வந்தது. சாந்துச் சட்டிக்குள் இறங்கி நின்ற ஒரு நாள் ரோஸ் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டியதாயிற்று. அது போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக் கோமதியம்மாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

சுவர் நேராக ஏறுகிறதா என்று பார்க்க ராஜையன் தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். நூலின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு மெல்ல ஆடும். அது ஆடி நிற்கக் காத்திருக்கிற நேரத்தில்தான் பிலாத்து வரும். முன்னங்காலால் ஒரு தட்டு. குண்டு மறுபடி ஆடும். ராஜையன் நூலைப் பிடித்து நிறுத்துவார். மறுபடி ஒரு தட்டு.

"டீச்சரே, இந்தப் பூச்சைய ஒண்ணு பிடியுங்கோ. இது அடிச்சு அடிச்சு சொவரு சரிஞ்சா, பேரு போறது பூச்சைக்கில்ல, எனக்காக்கும்."

"ஒமக்கு ஒரு பூச்சைய அடக்கத் தெரியல்ல, பின்னே என்ன கொத்தன் நீரு?" என்றேன்.

"டீச்சருக்கு அடங்காத பூச்சை எனக்கா அடங்கும்?" என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார். ரோஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தாலும் அந்த ஆள் சொன்னதில் தப்பில்லை என்பதால் பூனையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

கோடு போட்ட முதல் நாளே ஒரு சங்கடம் வந்திருந்தது. ஹாலின் சரியான நடுவில் மேலே ஃபேன் தொங்கியது. சுவருக்குப் போட்ட கோடு நேராக அதன் அடியில் வந்து நின்றது. ராஜையன் கோட்டையும் ஃபேனையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபேன் கிழக்குப் பக்கத்துக்கே இருக்கட்டும், கோட்டை மேற்கே தள்ளும் என்றேன். "அக்கா, ஒனக்கு வெயிலு தாங்காதே" என்றாள் செல்லபாய். காற்று பட்டால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று ஒரு பொய் சொன்னேன். அவள் நம்பினாளா தெரியாது. ஆனால் கோடு இரண்டடி என் பக்கம் நகர்ந்தது. இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்த நாட்களில் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தோம். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுவர் முழங்கால் உயரத்தில் இருந்தபோது நாங்கள் தாண்டிப் போனோம். இடுப்புக்கு வந்தபோது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாமான்களைக் கை மாற்றினோம். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து ராஜையன் போன பிறகு ஹாலுக்கு வந்தேன். சுவர் என் கழுத்தளவு வந்திருந்தது. அந்தப் பக்கம் செல்லபாய் எதையோ மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தலை வகிடு மட்டும் தெரிந்தது. அவள் என்னைவிடக் குள்ளம் என்பது எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் அப்போது அது என்னை என்னவோ செய்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலே வைத்திருக்கவில்லை.

சொல்ல வேண்டியதை நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருந்தது. நாற்பத்தொன்பது வயதுவரை நான் ஒரு நாள்கூட ஒரு வீட்டில் தனியாக இருந்ததில்லை. பூனையாவது என் பக்கம் நிற்காதா என்று நினைக்க ஆரம்பித்தேன். பூனைக்குப் பத்திரமா பட்டாவா, அது எங்கே படுக்கிறதோ அதுதான் அதன் வீடு. ஆகவே தினமும் மீன்காரியிடம் நெத்தோலி வாங்கி, யாருக்கும் தெரியாமல் அடுக்களைப் பின்வாசலில் வைத்துக் கொடுத்தேன். வைத்ததை எல்லாம் தின்றுவிட்டு, கை கழுவிவிட்டு, அது சுவரைத் தாண்டிக் கிழக்கே போய்விடும். அங்கே செல்லபாய் அதே மீன்காரியிடம் வாங்கிய சாளையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்பதைப் பத்து நாள் கழித்து மீன்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பூனையின் வயிறு தரையைத் தொடுகிற அளவுக்கு வந்திருந்தது.

சத்தியதாஸும் சும்மா இருக்கவில்லை. வழக்கப்படி அவர் படி ஏறவில்லை. ஆனால் தினமும் ஐந்து மணிக்கு டூட்டி முடிந்து காக்கி உடுப்போடு வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்பார். ராஜையன் கை கழுவிவிட்டுப் போய் அன்றைய வேலையைச் சொல்வார். பிலாத்துவும் போகும். அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரிப்பதை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். சாலைக் கடையில் வாங்கின கருவாடு. தங்கையைத்தான் கொண்டுபோகிறார், பூனையையுமா கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, தடை உண்டா என்று போதகர் கேட்டபோது நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு தடை இருந்தது. ஆனால் சபையில் எழுந்து நின்று சொல்லக்கூடிய தடை இல்லை அது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

சுவர் நெஞ்சுக்கு மேலே போன பிறகு கட்டுவதற்குச் சாரம் தேவைப்பட்டது. இடுப்பு உயரத்தில் சுவரில் நான்கு இடங்களில் செங்கல் வைக்காமல் ஓட்டை விட்டு, அதன் வழியாகக் கழிகளைச் செருகி, கழியின் மேல் பலகை போட்டு, அதில் நின்று ராஜையன் மச்சுவரைக்கும் கட்டினார். வேலை முடிந்ததும் கழியை உருவிவிட்டு ஓட்டையைக் கல் வைத்து அடைத்துப் பூசிவிடுவது முறை. மூன்றாம் ஓலைக்கு முந்தின திங்கட்கிழமை கழிகளை உருவினார்கள். உருவின அந்த நிமிஷமே பிலாத்து ஓரத்து ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. ஓட்டை ஒன்றரைக் கல் அகலம் இருந்தபடியால் தின்று கொழுத்த வயிற்றை நெளித்துக்கொண்டு உள்ளே புகுந்து அந்தப் பக்கம் குதித்தது. பிறகு திரும்பி வந்தது. அன்றைக்கு மட்டும் முப்பது தடவையாவது போய் வந்திருக்கும். சுவருக்குச் சுவரும் இருந்தது, அதற்கு வழியும் இருந்தது.

அன்று செல்லபாய் ஆபீசிலிருந்து வருவதற்கு முன் நான் ராஜையனைத் தனியே கூப்பிட்டேன்.

"ராஜையா, மத்த மூணையும் அடைச்சுக்கிடும். அந்த ஓரத்து ஓட்டை மட்டும் கெடக்கட்டு."

"என்ன டீச்சரே பறயுதீங்க? சாரக்கம்பு ஓட்டைய அடைக்காம போனா, பாதியில ஓடிப்போன கொத்தன்னு ஆளுவ சொல்லுமே. நாளைக்கு எனக்கு ஆரு வேலை தரும்?"

"பூச்சைக்காக்கும். பாவம், போவ வர ஒரு வழி வேண்டாமா? தங்கச்சிட்ட நான் சொன்னேன்னு சொல்லாண்டாம்."

ராஜையன் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். பூனைக்காக என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் செல்லபாய் காலையில் பல் தேய்க்கப் போகும்போது ஒரு பாட்டை முணுமுணுப்பாள். முதல் இரண்டு வரிதான், மூன்றாவது வரி அவளுக்கு எப்போதும் வராது. அந்த ஓட்டை இருந்தால் அது என் பக்கம் கேட்கும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் பூச்சு முடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் மினுமினுவென்று சுவர். ஓரத்து ஓட்டை மட்டும் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி நடந்தேன். செல்லபாயும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குக் கண் தெரியாதா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், கடைசி நாள். ரோஸ் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ராஜையன் மட்டும் ஒரு சட்டியில் கொஞ்சம் சாந்தும் கையில் கரண்டியுமாக ஓட்டைக்கு முன்னால் நின்றார். முகம் சரியாக இல்லை. என்னையும் செல்லபாயையும் கூப்பிட்டார். பிறகு ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக் கத்தினார்.

"சாரே! அந்தப் பக்கத்து வாசலு வழி உள்ள வாங்கோ!"

"படி ஏறக்கூடாதே" என்று கேட்டுக்கு வெளியிலிருந்து சத்தியதாஸின் குரல் வந்தது.

"அது பொண்ணு வீட்டுக்கு. கெழக்குப் பாதி சாருக்க வீடு தன்னே? அதுக்கில்லியா ரெண்டு வாரமா நான் முதுகு ஒடிஞ்சு கெட்டினேன்? வாங்கோ!"

செருப்புச் சத்தம் வராந்தா ஏறி, அந்தப் பக்கத்து ஹாலில் வந்து நின்றது. ஆக, சுவரின் மேற்கே நான், செல்லபாய், ராஜையன், ரோஸ். கிழக்கே அவர். நடுவில் ஓட்டை. ஓட்டைக்குள் பிலாத்து. இத்தனை பேர் ஒன்றாக வந்ததில் அதற்குப் பெரிய சந்தோஷம். அங்கேயே குந்தி உட்கார்ந்துகொண்டது.

"எனக்குப் பேரு போற காரியமாக்கும் இது. அதனால பறஞ்சுபோடுதேன்" என்று ராஜையன் தொடங்கினார். "திங்களாழ்ச்சை டீச்சரு வந்து சொன்னாவ, ஓட்டைய அடைக்காண்டாம், பூச்சைக்காக்கும், தங்கச்சிட்ட சொல்லாண்டாம்னு."

எனக்கு முகம் சுட்டது. செல்லபாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"செவ்வாழ்ச்சை தங்கச்சியம்மா வந்தாவ. ஓட்டைய அடைக்காண்டாம், பூச்சை பாவம், அக்காட்ட சொல்லாண்டாம்."

இப்போது நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"புதனாழ்ச்சை கேட்டுக்க வெளிய நின்னு சாரு சொல்லுதாரு. ராஜையா, பூச்சைக்கு ஒரு வழி விடும், ரெண்டு பேருட்டயும் சொல்லாண்டாம்னு. பூச்சை ஒண்ணு, ஓட்டை ஒண்ணு, ரகசியம் மூணு! இத நான் எங்க கொண்டு வைக்க?" கரண்டியைச் சட்டியில் தட்டினார். "இப்ப மூணு பேரும் எனக்க முன்ன வச்சு சொல்லணும். இந்தச் சொவரு ஆருக்காக்கும் வேணும்?"

அந்தப் பக்கம் அவர் தொண்டையைக் கனைத்தார். அபூர்வமாக, அவர்தான் முதலில் பேசினார்.

"நான் சொவரு கேக்கல்ல" என்றார். ஓட்டையைப் பூனை அடைத்திருந்ததால் குரல் மட்டும்தான் வந்தது. "ஏழு வருஷமா லாட்ஜில ஒத்த முறியில கெடக்குதேன். பக்கத்து முறியில ரேடியோ வச்சா, அதக் கேட்டுட்டுத் தூங்குவேன். அக்காவும் தங்கச்சியும் எப்பளும் என்னவாவது பேசிட்டிருக்கிய வீடுன்னு நெனச்சாக்கும் எனக்கு இங்க வர ஆசையே வந்தது. பிறகு சொவருன்னு சொன்னாவ. அவியளுக்குப் பாகம் பிரிக்கணுமாயிருக்கும், நான் எதுக்கு எடையில பேசணும்னு விட்டுட்டேன்."

"நான் ஒருக்கலும் பாகம் கேக்கல்லியே!" என்றாள் செல்லபாய். அவள் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "அக்காவாக்கும் சொவரு கெட்டலாம்னு சொன்னது. அவளுக்கு எங்க தொந்தரவு வேண்டாம்னு நெனச்சேன். அவளே சொன்ன பிறகு நான் என்ன பறய?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராஜையன், ரோஸ், செல்லபாய். பூனைகூட என் பக்கம் தலையைத் திருப்பியிருந்தது.

ஆமாம், சொன்னது நான்தான். கல்யாணப் பேச்சு எடுத்த அன்று போதகரம்மா சிரித்துக்கொண்டே 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று சொன்னபோது சத்தியதாஸ் தலை குனிந்தார். அதை நான் கண்டேன். அந்த நிமிஷமே, யாரும் கேட்காமல், 'அதெல்லாம் இல்ல, நடுவில ஒரு சொவரு கெட்டிப்போடுவோம், ரெண்டு வீடாச்சு' என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்னதற்கு முழுக் காரணம் அவருடைய மானம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். கல்யாணமான இரண்டு பேருக்கு நடுவில் வேண்டாத ஆளாக நிற்க வேண்டி வருமோ என்று நினைத்தேன். அவர்கள் என்னைத் தள்ளி வைப்பதற்கு முன்னால் நானே தள்ளி நின்றுவிடுவது மரியாதை என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன், அவர்கள் சரி என்றார்கள். அவர்கள் சரி என்றது எனக்குக் குத்தியது. பிறகு இரண்டு வாரம் செங்கல் செங்கல்லாக அது உயர்ந்ததை மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அவருக்காகத்தான் என்று நான், அக்காவுக்காகத்தான் என்று அவள், அவர்களுக்காகத்தான் என்று அவர்.

பிலாத்து ஓட்டைக்குள் உட்கார்ந்தபடி வலது கையை நக்கிக் கழுவ ஆரம்பித்தது. பாவம், அதற்கு அந்தப் பெயர் வைத்தது தப்பு. கை கழுவினவர்கள் நாங்கள் மூன்று பேரும்தான்.

"எனக்கு இந்தச் சொவரு வேண்டாம்" என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில்தான் ஆரம்பித்தேன், பாதியில் அது உடைந்துவிட்டது. "எனக்கு ஒத்தைக்கு இருக்கப் பயமா இருக்கு, செல்லம்."

அவளைச் செல்லம் என்று நான் கூப்பிட்டு முப்பது வருஷமாவது இருக்கும். அவள் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"நல்ல காரியம்" என்றார் ராஜையன். "இத ரெண்டு வாரத்துக்கு முன்ன சொல்லியிருந்தா எனக்க இடுப்பாவது மிஞ்சியிருக்கும். பின்னே? சொவர இடிச்சுப் பொளிக்கவா?"

ரோஸ் பதறிப்போனாள். "நல்ல சொவரு! ஒரு நூலு கோணலு கெடையாது. பூச்சை அத்தனை தட்டு தட்டியும் நேரா நிக்குது. அதப் போய்ப் பொளிக்கியதா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கட்டின கையைக் கண் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது. அதுவும் இல்லாமல், படுக்கிற நேரத்துக்கு இரண்டு தரப்புக்கும் ஒரு மறைவு வேண்டியதுதான். அந்தப் பக்கத்திலிருந்து சத்தியதாஸ் யோசனை சொன்னார். அதுவரைக்கும் அவர் தானாக ஒரு யோசனை சொல்லி நான் கேட்டதில்லை. "ஒரு வாசலு விட்டா என்ன? கதவு வேண்டாம். ஓட்டைய அடைக்கியதுக்குப் பதிலா பெருசாக்கிப்போடும்."

ராஜையன் சட்டியிலிருந்த சாந்தை அப்படியே வைத்துவிட்டு, ஒரு செங்கல் துண்டை எடுத்தார். ஓரத்து ஓட்டையை உள்ளே வைத்து ஓர் ஆள் உயரத்துக்குக் கோடு போட்டார். பிறகு அந்தத் துண்டால் பிலாத்துவைத் தட்டி எழுப்பினார். "எறங்கு ஏமானே. திங்களாழ்ச்சை ஒனக்க வீடு இடிக்கப் போவுது."

மறுநாள் மூன்றாம் ஓலை. தடை உண்டா என்று போதகர் கேட்டு, நிறுத்தி, சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தடை ஒன்றும் இல்லை.

திங்களும் செவ்வாயும் மறுபடி வீடு முழுக்கத் தூசி. அப்பா காலத்து ஜன்னல் சட்டத்து மரம் ஒன்று சாமான் அறையில் கிடந்தது. அதை மேலே தாங்கக் கொடுத்து, ராஜையன் வாசலை வெட்டி ஓரம் பூசினார். தன்னுடைய ஓட்டை காணாமல் போன கோபத்தில் பிலாத்து ஒரு நாள் முழுக்க ஹார்மோனியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சாளை வைத்தும் வரவில்லை. புதன்கிழமை காலையில் வந்து வாசலின் இரண்டு பக்கமும் மோந்து பார்த்தது. பிறகு சரியாக நடுவில் நீட்டிப் படுத்தது. அதற்குப் பிறகு அது செத்துப்போகிற வரைக்கும் அதுதான் அதன் இடம். யார் எந்தப் பக்கம் போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வியாழக்கிழமை கல்யாணம். சாயங்காலம் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய சடங்கு. சபைப் பெண்கள் எல்லாரும் கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையோடு என் பக்கத்து ஹாலில் வந்து நின்றார்கள். செல்லபாய் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு வெள்ளைப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பிலாத்துவைத் தாண்டி, அந்தப் பக்கம் போனாள். எண்ணிப் பார்த்தேன், பதினோரு அடி. போதகரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு மட்டும் அழுகை நிற்கவில்லை. பதினோரு அடியானாலும் போனது போனதுதானே என்று நினைத்துக்கொண்டு அடுக்களையில் போய் உட்கார்ந்தேன்.

எல்லோரும் கலைந்து போய் அரை மணி நேரம் இருக்கும். சுவரில் வெட்டின வாசல் வழியாக ஆள் வருகிற சத்தம் கேட்டு ஹாலுக்கு வந்தேன். செல்லபாய், கல்யாணப் புடவையோடு.

"அக்கா, பூச்சை இங்க வந்துதா? அங்க காணல்ல."

அவளுக்குப் பின்னால், வாசலின் நடுவில் பிலாத்து நீட்டிப் படுத்திருந்தது. அவள் அதைத் தாண்டித்தான் வந்திருந்தாள். அதற்கும் பின்னால், அந்தப் பக்கத்து ஃபேனுக்கு அடியில், சத்தியதாஸ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, என்ன பேசுகிறோம் என்று இந்தப் பக்கமே காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வரும், வரும்" என்றேன். "அது வாற வரைக்கும் நீ இங்க இரு. அவரையும் கூப்பிடு, சாயா போடுதேன்."